இரண்டு சுண்டு

ரவுட்டரின் விளக்கு தப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன அறையில், காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களுக்கும் கைப்பிடி உடைந்த சூட்கேஸுக்கும் நடுவில், ஒரு பலகைத் தட்டின் மேல் ரவுட்டர் இருந்தது. அதன் முகத்தில் இருந்த மற்ற விளக்குகள் தம் பாட்டுக்குப் படபடத்துக்கொண்டிருக்க, மேல் அறைக்குப் போகும் ஒயர் செருகியிருந்த துளையின் விளக்கு மட்டும் பச்சையிலிருந்து மஞ்சளாகி, இரண்டு முறை மின்னி, ஒரு மூச்சு விடும் நேரம் அணைந்து, மறுபடி இரண்டு முறை மின்னியது. பத்து வருடமாக இந்த விளக்குகளோடு பிழைத்தவன் அவன். தகரக் கூரையில் விழும் தூறல் மாதிரி தாறுமாறாகத்தான் இவை மின்னும். தாளம் போடாது.

இரண்டு. நிறுத்தம். இரண்டு.

"என்னங்க, ஸ்பீடு ஒம்பது!" மேலேயிருந்து மனைவி கத்தினாள். "முந்தாநாள் அறுபது, நேத்து முப்பத்தொண்ணு, இன்னிக்கு ஒம்பது. நாளைக்கு நாமளே பின்னாடி நின்னு தள்ளிவிடணும் போல."

"இரு, பாத்துட்டுதான் இருக்கேன்."

"ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் ஒயர் இழுத்துக் குடுத்தவரு. சொந்த வீட்டுல ஆமை ஓடுது. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அவளுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. வைஃபை கூடாது, ஒயர்தான் வேண்டும், வேகம் ஐம்பதுக்குக் கீழே போகக்கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இன்று நாலு மணிக்கு அவர்களே இணைப்பைச் சோதிக்கப் போகிறார்கள். அவளுடைய வேலை போனால் போகட்டும், அதைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. காலையில் அவனைக் கேட்காமலே அவள் இணையக் கம்பெனிக்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டாள். மூன்று மணிக்கு அவர்கள் ஆள் வருவார். வருகிறவர் ஒயர் போகிற வழியிலேயே தேடிக்கொண்டு போவார். ஒயர் இந்தச் சுவருக்குள் போயிற்று.

சுவருக்குள் அண்ணன் இருந்தான்.

மணி ஒன்றரை. வெளியே வெயிலில் கண் கூசியது. பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேல் குளியலறையில் மனைவி குழாயைத் திறந்தபோது, சுவருக்குள் இருந்த குழாய்களில் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் அவன் காதருகே வந்து, கீழே போய், எதன் மேலோ பட்டதுபோல் மெல்லத் தணிந்தது. அந்த அறையின் வாசனை அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. பெயிண்டு, தூசி, சூடான பிளாஸ்டிக். இன்று அதோடு ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்திருந்தது.

தொழில் தெரிந்தவன் செய்கிற வரிசையில்தான் செய்தான். லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகிப் பார்த்தான்: தொள்ளாயிரத்து நாற்பது. வெளியிலிருந்து வரும் லைனில் குறை இல்லை. மேல் அறை ஒயரை வேறு துளைக்கு மாற்றினான்: ஒன்பது. மாடியில் சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் துண்டு ஒயரை மாற்றினான்: ஒன்பது. விளக்கின் தாளமும் துளைக்குத் துளை கூடவே வந்தது.

மிச்சம் இருந்தது சுவருக்குள் போகும் பதினாலு மீட்டர்.

ஒயர் சோதிக்கும் கருவிக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றைக் கீழே மாட்டி, மற்றதை மனைவியிடம் கொடுத்து மேலே மாட்டச் சொன்னான். ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றாக விளக்கு எரியும்போது அவள் எண்ண வேண்டும்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ராகம் போட்டாள். "ஏழு... எட்டு. எல்லாம் எரியுது. பாஸ் போட்டுரலாமா?"

எட்டும் எரிந்தும் வேகம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். கீழ் முனையின் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி மாதிரியான அதன் முகத்தில் எட்டு நிறங்களும் வரிசையாக நின்றன. பச்சையும் அதன் ஜோடி பச்சை வெள்ளையும் ஒன்றை ஒன்று ஒட்டி. அதற்கடுத்து நீலமும் நீல வெள்ளையும் ஒட்டி. பார்வைக்கு அழகான வரிசை. தப்பான வரிசை. பச்சை ஜோடி அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக நின்று, நடுவில் நீலத்தை விடவேண்டும். இல்லையென்றால் ஒயருக்குள் முறுக்கிக்கொண்டு வந்த ஜோடி, வேலை செய்யும் இடத்தில் பிரிந்துவிடும். விளக்கு எரியும். உள்ளே ஒன்றின் மேல் ஒன்று இரைச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். எட்டு மாதமாகத் தொண்ணூறு வந்துகொண்டிருந்தது. படம் பார்க்க அது போதும். அவனும் அதைத் தொடவில்லை.

தொடப் பிடிக்கவில்லை.

அண்ணனும் அவனும் சேர்ந்துதான் ஒயர் இழுத்தார்கள். ஒருவன் சுவருக்குள், பைப்புகள் போகும் டக்டில். மற்றவன் வெளியே. செங்கல்லைத் தாண்டிக் குரல் கேட்காது என்பதால் ஒயரிலேயே பேசிக்கொள்வார்கள். இரண்டு சுண்டு சுண்டினால், இழு. மூன்று சுண்டினால், நிறுத்து, எங்கோ மாட்டிக்கொண்டது. அண்ணனுக்கு ஒயர் உரிக்கக் கத்தி வேண்டாம். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. "இது ஒயர் உரிக்கன்னே அளவெடுத்து வச்சது" என்பான். அவன் உரித்த ஒயரில் இரண்டு பள்ளமும் நடுவில் வெட்டுப்படாத ஒரு கீற்றும் இருக்கும். யார் செய்த வேலை என்று எந்த வீட்டிலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்த அன்று மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இந்த அறையின் சுவரில் அப்போது டக்டுக்கு ஒரு வாய் இருந்தது, முட்டி போட்டு நுழைகிற அளவுக்கு. அதிலிருந்து அண்ணன் இடுப்பு வரை வெளியே வந்து, தம்பி அடித்த பிளக்கை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் தலையில் நடுவிரல் முட்டியால் ஓங்கி ஒரு குட்டு.

"பக்கத்துல நிக்கிறதெல்லாம் ஜோடியாடா? முறுக்கினதுதான்டா ஜோடி. பத்து வருஷமா சொல்றேன், மண்டைக்குள்ள எறங்குதா பாரு."

இன்னொரு குட்டு. அதே இடத்தில்.

முதல் குட்டு விழுந்தபோது அவனுக்கு வயது ஏழு. கணக்குத் தப்பினால் குட்டு, செருப்பைத் திருப்பிப் போட்டால் குட்டு, மணமேடையில் மாலையைத் தப்பாகப் பிடித்ததற்கு எல்லாரும் சிரிக்க ஒரு குட்டு. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தம்பியின் கையில் சுத்தியல் இருந்தது. அண்ணன் மறுபடி பிளக்கைக் குனிந்து பார்த்தான். முதல் அடி பின்மண்டையில். தேங்காய் விரியும் சத்தம் என்று சொல்வார்கள், அப்படி இல்லை. ஈர மண்ணில் கல் விழுந்ததுபோல் இருந்தது. அண்ணன் நிமிர்ந்து, எதையோ மறந்துவிட்டவன்போல் அவனைப் பார்த்தான். இரண்டாவது காதுக்கு மேல். மூன்றாவது நெற்றியில். நான்காவது தேவைப்படவில்லை, ஆனாலும் அடித்தான். கையிலிருந்த ஒயரை அண்ணன் விடவில்லை. விரல்கள் அதை இழுத்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்து. நிறுத்தாமல் அடித்தான்.

பிறகு அண்ணனை இடுப்பில் செருகியிருந்த இடுக்கியோடு மடக்கி உள்ளே தள்ளி, சுண்ணாம்பு கொட்டி, செங்கல் அடுக்கி, பூசி, பெயிண்டு அடித்தான். ஒயர் வர ஒரு கைமுட்டி அளவு ஓட்டை மட்டும் விட்டான். அன்று சாயங்காலமே அந்த பிளக்கை அப்படியே ரவுட்டரில் செருகினான். அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்று எல்லாரிடமும் சொன்னான். கல்யாணம் ஆகாதவன். தேட ஆள் இல்லை. திரும்பி வந்த மனைவி நாற்றம் என்றபோது, டக்டில் எலி செத்துவிட்டது என்றான்.

இப்போது பிளக்கை நறுக்கி எறிந்தான். புதியதை எடுத்து, பச்சைக்கு நடுவே நீலத்தை விட்டு, சரியான வரிசையில் புது இடுக்கியால் அடித்தான். விரல்கள் வழுக்கின. செருகினான்.

"ஏழு!" என்றாள் மனைவி. "கை வச்சதும் இன்னும் எறங்கிருச்சு. ராசியான கைதான்."

அப்போதுதான் அந்தச் சத்தம். சுவருக்குள், முழங்கால் உயரத்தில். நற். கொஞ்சம் பொறுத்து, நற். கெட்டியான ரப்பரை யாரோ அவசரமில்லாமல் மெல்லுவதுபோல்.

"கேக்குதா?" மனைவி படியில் பாதி இறங்கி நின்றிருந்தாள். "அந்த எலியோட சொந்தக்காரங்க வந்துட்டாங்க. அதுங்கதான் ஒயரக் கடிக்குது, நான் சொல்லல?"

அவன் சுவரில் காதை வைத்தான். சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நின்றிருந்தது.

கம்பெனிக்காரர் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். நரைத்த மீசை, தோளில் கனத்த பை, வாய் ஓயாத மனுஷன். சின்ன அறையில் இருந்த கருவிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, சாரும் நம்ம ஜாதியா? டாக்டர் வீட்டுக்கே ஊசி போட வந்துட்டேனா?"

"நானே பாத்துக்கறேன்னு சொன்னேன். இவதான் கேக்கல."

"இவரு பாத்தா ஏழுக்கு வந்துருச்சுங்க" என்றாள் மனைவி. "நீங்க பாருங்க. நாலு மணிக்கு எனக்குச் சோதனை."

அவரிடம் இருந்தது வேறு கருவி. ஒயரில் மாட்டினால் எத்தனையாவது மீட்டரில் குறை என்று எண்ணில் சொல்லிவிடும். மாட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆறு மீட்டர்ல அடி வாங்கியிருக்கு. அப்ப சுவத்துக்குள்ளதான்." சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "இந்த மாதிரி வீட்டுல படிக்கு அடியில டக்டுக்கு ஒரு வாய் இருக்குமே. யாரு அடைச்சது?"

"எலித் தொல்லை. நான்தான் அடைச்சேன்."

"அடைச்சா எலி உள்ளேல்ல மாட்டிக்கும்?" அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார். சிரிப்பு நின்றது. "நாலு காட்டுது."

இன்னொரு தடவை அழுத்தினார்.

"மூணு."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"ஒடஞ்ச இடம் நடந்தா வரும்? மெஷினுக்கும் வயசாயிருச்சு, எனக்கு ஆன மாதிரி." கருவியை உள்ளங்கையில் தட்டிவிட்டு அழுத்தினார். "ஒண்ணரை. சரி விடுங்க, இத ஒடச்சுப் பாத்துரலாம். நாலு செங்கல் எடுத்தாப் போதும்."

பைக்குள் கை விட்டு அவர் சுத்தியலை எடுத்தார். அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். ரொம்ப இறுக்கமாக. அவர் நிமிர்ந்து பார்த்ததும் விட்டான்.

"வேணாங்க. இப்பதான் பெயிண்டு அடிச்சது. பழைய ஒயரோட நுனியில புது ஒயரக் கட்டி இழுத்துரலாம். நீங்க மேல கட்டுங்க, நான் கீழயிருந்து இழுக்கறேன்."

"அதுவும் சரிதான். வரலன்னா ஒடச்சுதான் ஆகணும், சொல்லிட்டேன். கட்டிட்டு மேலருந்து குரல் குடுக்கறேன். அதுவரைக்கும் இழுக்காதீங்க."

கருவியைக் கழற்றிப் பிளக்கை ரவுட்டரில் திரும்பச் செருகி, பையையும் புது ஒயர்ச் சுருளையும் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியேறினார். மனைவி பின்னாலேயே போனாள். அவர்கள் காலடிகள் அவன் தலைக்கு மேல் நடந்து போய் நின்றன.

அவன் ரவுட்டரிலிருந்து பிளக்கைக் கழற்றி, ஒயரைக் கையில் சுற்றிப் பிடித்து, ஓட்டைக்கு எதிரே மண்டியிட்டான். அண்ணன் இடுப்பு வரை வெளியே வந்து நின்ற அதே இடம். துணி துவைக்கும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. கழற்றிய துளையின் விளக்கு, ஒயரே இல்லாமல், இரண்டு முறை மின்னியது.

ஒயர் அவன் கையில் அசைந்தது.

இரண்டு சுண்டு.

குரல் கொடுப்பதாகச் சொன்னாரே என்று ஒரு நொடி தோன்றியது. லைன் ஆள்தானே, பழக்கத்தில் சுண்டியிருப்பார். அவனுடைய கைகளுக்கு யோசிக்கத் தெரியாது. பத்து வருடம் இரண்டு சுண்டுக்கு இழுத்த கைகள். இழுத்தான். லேசாக வந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். முழங்காலருகே சுருண்டு விழுந்தது. ஒயரின் மேல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுண்ணாம்பு. ஈரமான சுண்ணாம்பு.

"என்னங்க!" மேலேயிருந்து மனைவி. "எதுவும் இழுத்துறாதீங்க! கம்பெனில முன்னாடியே லைன்ல வந்துட்டாங்க. இவரு இன்னும் கழட்டவே இல்ல!"

கை நின்றது.

"இங்க ஒயர் அசையவே இல்லியே சார்" என்றார் கம்பெனிக்காரர். "ரெண்டு நிமிஷம் பொறுங்க."

காலடியில் ஒன்றரை மீட்டர் ஒயர் கிடந்தது. ஓட்டையிலிருந்து அதன் மறுமுனை நழுவி அவன் மடியில் விழுந்தது. வெட்டியதல்ல. கடித்தது. இரண்டு பள்ளம். நடுவில் வெட்டுப்படாத ஒரு கீற்று.

அவன் குனிந்து உள்ளே பார்த்தான்.

ஓட்டை இருட்டாக இருந்தது. அதற்குள் ஏதோ உரசியது. கிளிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பிளக் அடிக்கும் இடுக்கி. அண்ணனோடு உள்ளே போன இடுக்கி.

இருட்டிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்தது. மெதுவாக. நுனியில் புது பிளக். ஒரு சாண் நீண்டதும் நின்றது. உள்ளேயிருந்து ஒருவன் நீட்ட, வெளியே இருப்பவன் வாங்கக் காத்திருப்பதுபோல். எட்டு நிறங்கள். பச்சை. நடுவில் நீலம் இரண்டு. பச்சை. ஒரு தப்பும் இல்லை.

ஓடியிருக்கலாம். கதவு இரண்டடியில் இருந்தது.

"இன்னும் ஏதும் வரலியே!" மனைவியின் குரல் உடைந்தது. "ஜீரோ காட்டுது. அவங்க ஒரு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. என்னங்க!"

"நான் சுத்தியல எடுத்துட்டுக் கீழ போறேன்மா" என்றார் கம்பெனிக்காரர். "ஒடச்சா அஞ்சு நிமிஷ வேலை."

காலடி. படியை நோக்கி.

அவன் கையை நீட்டினான். பிளக்கைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. இழுத்து ரவுட்டரில் செருகினான்.

விளக்கு பச்சையானது. தூறல் மாதிரி தாறுமாறாக மின்னியது.

"வந்துருச்சு!" மேலே மனைவி குதித்த குதியில் தூசி உதிர்ந்தது. "தொள்ளாயிரத்தி நாப்பது! என்னங்க, தொள்ளாயிரத்தி நாப்பதுங்க!"

காலடி படியில் நின்றது. "அட, சார் கில்லாடிதான். அப்ப சுவத்துக்கு வேலை இல்ல."

அவன் ஒயரிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ஒயர் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. எப்போது சுற்றியது என்று தெரியவில்லை. ஒரு சுற்று. அதன் மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு ஒயர். இரண்டும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு, அவன் கையை நடுவில் வைத்து.

கத்த வாயைத் திறந்தான். மூன்றாவது சுற்று வாய்க்குள் விழுந்தது. கடைவாய் வரை இறங்கி இறுகியது. உதடு கிழிந்தது. உப்பு. இரும்பு. சுண்ணாம்பு.

கை ஓட்டைக்குள் போனது. மணிக்கட்டைத் தாண்டி. ஓட்டை ஒரு கைமுட்டி அளவுதான். முழங்கை நின்றது. ஒயர் நிற்கவில்லை. உள்ளே ஏதோ முறிந்தது. பிறகு முழங்கையும் போனது. அவன் கன்னம் சுவரில் அப்பியது. பெயிண்டில் ரத்தம் வழுக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், காதுக்கு நேரே, செங்கல்லில் யாரோ நடுவிரல் முட்டியால் குட்டினார்கள். ஒன்று. இன்னொன்று. அதே இடத்தில்.

"நான் கெளம்பறேம்மா. வாசக் கதவ நானே சாத்திக்கறேன்." படி இறங்கும் சத்தம் அவன் தலைக்கு மேலேயே வந்தது. தாண்டியது. "சார், வரேன்! சுவத்த ஒடைக்காம தப்பிச்சீங்க!"

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேலே மனைவி யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தோள் ஓட்டையின் விளிம்பில் வந்து இடித்தது. கழுத்து எலும்பு வளைந்தது.

இடது கை மிச்சம் இருந்தது. அந்தக் கையால் ஒயரைத் தேடிப் பிடித்தான். சுண்டினான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நிறுத்து. மாட்டிக்கொண்டது.

சுவருக்குள் எல்லாம் அசையாமல் இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்.

பிறகு அவசரமே இல்லாமல் உள்ளேயிருந்து பதில் வந்தது.

இரண்டு சுண்டு.